ஆயிரம் கெஜத்தில் குறி தவறாமல் ரைஃபிள் சுட எங்கிருந்து தொடங்குவது?

50 மீட்டரிலிருந்து. இங்கிலாந்தின் பிஸ்லி போன்ற மைதானங்களில் 1000 கெஜம், அதாவது சுமார் 914 மீட்டர் தூரத்துக்குப் போட்டி நடக்கிறது. ஆனால் அடிப்படையை, சிறிய குண்டு சுடும் .22 ரைஃபிளில், கிளப் பயிற்சியாளரின் மேற்பார்வையில் படிப்பதுதான் மலிவு, பாதுகாப்பும் கூட. 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான்!

முதலில் உடம்பு. குப்புறப் படுத்துக் குறி வைத்து, கண்ணை மூடி, மூச்சை விட்டுத் தளருங்கள். கண் திறக்கும்போது குறி விலகியிருந்தால் துப்பாக்கியைத் தள்ளாதீர்கள், உடம்பை நகர்த்துங்கள். தசையால் இழுத்துப் பிடித்த குறி, சுடும் நொடியில் நழுவிவிடும். அப்புறம் விசை (டிரிகர்): வெடுக்கென்று இழுக்காமல் நேராக, மெதுவாக அழுத்த வேண்டும். குண்டு இல்லை என்று இருமுறை சரிபார்த்த துப்பாக்கியில், தோட்டாச் செலவே இல்லாமல் இதைப் பழகலாம். சலிப்பான வேலை, ஆனால் பலன் அதிகம்.

தூரம் கூடக்கூட காற்றுதான் எதிரி. குண்டு எவ்வளவு தாழும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். காற்றோ வழியெங்கும் மாறும். கொடிகளையும் கானலின் ஓட்டத்தையும் பார்த்து, ஒவ்வொரு சூட்டுக்கும் உங்கள் கணிப்பையும் குண்டு விழுந்த இடத்தையும் நோட்டில் எழுதுங்கள். விலையுயர்ந்த தொலைநோக்கியை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.