கார் கேள்வி – பதில்: பழைய சொகுசு எஸ்யூவி வாங்கலாமா?

பட்ஜெட் 14 லட்சம். புது கிரெட்டா எடுக்கலாம் என்றிருந்தேன். அதே பணத்துக்கு 2017 பிஎம்டபிள்யூ எக்ஸ்1 டீசல், 2016 ஆடி கியூ3 டீசல், 2017 பென்ஸ் ஜிஎல்ஏ 200டி மூன்றும் கண்ணில் படுகின்றன. மாதம் 1,200 கி.மீ. ஓட்டுவேன். எதை எடுக்கலாம்? – கோவை வாசகர்

கையில் 14 லட்சம் இருந்தால் 12 லட்சத்துக்குள் கார் தேடுங்கள். மீதி 2 லட்சத்தை முதல் வருடச் செலவுக்கு ஒதுக்கிவிடுங்கள். நான்கு டயர், பேட்டரி, எல்லா ஆயில்களும், பிரேக் பேடு – டிஸ்க், முன்பக்க ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் மூட்டிலுள்ள ரப்பர்) என்று அந்தத் தொகை போய்விடும். புதிதாக 35, 40 லட்சத்துக்கு விற்ற வண்டி இவை. காரின் விலைதான் இறங்கியிருக்கிறதே தவிர, அதன் ஹெட்லைட், டர்போ, கியர்பாக்ஸ் விலை எதுவும் இறங்கவில்லை. 14 லட்சத்தையும் காருக்கே கொடுத்துவிட்டுக் கையைப் பிசைவதாக இருந்தால், புது கிரெட்டாவே மேல்.

மூன்றில் எங்கள் ஓட்டு எக்ஸ்1-க்கு. காரணம் பேட்ஜ் அல்ல, கியர்பாக்ஸ். 2016-இல் வந்த இரண்டாம் தலைமுறை எக்ஸ்1 டீசலில் (எஃப்48) இருப்பது கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை 8-ஸ்பீடு ஆட்டோமேட்டிக். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போவதை இது நன்றாகத் தாங்கும். கியூ3, ஜிஎல்ஏ இரண்டிலும் 7-ஸ்பீடு டபுள் கிளட்ச், அதாவது இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்யும் கியர்பாக்ஸ். அவையும் ஆயிலில் மூழ்கிய கிளட்ச்தான், மோசம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆயிலும் ஃபில்டரும் காலத்தில் மாற்றியிருக்க வேண்டும். கியூ3-இல் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை. மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் டிரைவில் சும்மா பைபாஸில் ஒரு மிதி மிதித்துவிட்டு வராதீர்கள். அங்கே எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். காந்திபுரம் மாதிரி ஓர் இடத்தில் கால் மணி நேரம் ஊர்ந்து, பாக்ஸ் சூடானபின், ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள். முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதறலோ, ரிவர்ஸில் தயங்கித் தூக்கிப் போடுவதோ தெரிந்தால் கிளட்ச் பேக் அல்லது கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட்டில் வேலை இருக்கிறது. அந்தச் செலவு லட்சத்தில் பேசும்.

எக்ஸ்1-இலும் ஒரு கண் வைக்க வேண்டிய இடம் உண்டு. இந்த டீசல் இன்ஜினில் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட்டும் டைமிங் செயின் முன்னால் இல்லை, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கித்தான் ஆக வேண்டும். ஆகவே காலையில் வண்டி ஜில்லென்று இருக்கும்போது போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் இன்ஜினின் பின்பக்கத்திலிருந்து கம்பி உரசுவது மாதிரி சத்தம் வந்து, ஆக்சிலரேட்டரை மெல்ல ஏற்றும்போது அதுவும் ஏறினால் அந்த வண்டி வேண்டாம். 2010 கடைசியில் இங்கே அறிமுகமான முதல் தலைமுறை எக்ஸ்1-இல் (இ84, என்47 இன்ஜின்) இந்தச் செயின் தொல்லை பேர்போனது. விலை எவ்வளவு இறங்கினாலும் அதன் பக்கம் போகாதீர்கள். ஜிஎல்ஏ 200டி-யின் 2.2 லிட்டர் இன்ஜினிலும் செயின் பின்பக்கம்தான். கியூ3 டீசலில் செயின் கிடையாது, பெல்ட். பழைய வண்டியில் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

கியூ3 குவாட்ரோவும் எக்ஸ்-டிரைவ் எக்ஸ்1-ம் நான்கு சக்கர இயக்கம் கொண்டவை. நான்கு டயரிலும் ட்ரெட் ஆழம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். முன்னால் இரண்டு புதுசு, பின்னால் இரண்டு மொட்டை என்று ஓட்டியிருந்தால் முன், பின் சக்கரங்களுக்கு இடையே சக்தியைப் பகிரும் கப்ளிங் ஓயாமல் வேலை செய்து கெட்டுப்போகும். கியூ3-இல் அந்த ஹால்டெக்ஸ் கப்ளிங்குக்கும் தனி ஆயில் உண்டு. பல வண்டிகளில் அதைப் பற்றி யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2017 வண்டி, மீட்டரில் 48,000 கி.மீ. என்று காட்டுகிறது. நம்பலாமா? – மதுரை வாசகி

நம்பாமல் சரிபாருங்கள். மீட்டரைத் திருப்புவது சில நிமிட வேலை. ஆனால் கிலோமீட்டர் கணக்கு மீட்டரில் மட்டும் இருப்பதில்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், ஏபிஎஸ் கன்ட்ரோல் யூனிட்களிலும் தடயம் இருக்கும். பிஎம்டபிள்யூவில் சாவிக்குள்ளேயே பதிவாகும். அந்தந்த பிராண்டுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்ஷாப்பில் மாட்டிப் பார்த்தால் முரண்பாடு தெரிந்துவிடும். ஷோரூம் சர்வீஸ் ஹிஸ்டரியை ஓனரை விட்டே கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் எழுதியிருப்பார்கள். 2019-இல் 61,000 என்று இருந்துவிட்டு இன்று 48,000 காட்டினால் விஷயம் முடிந்தது.

கண்ணாலும் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளுக்குப் பின் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-இன் 23-ஆம் வாரம் செய்தது. 48,000 கி.மீ. ஓடிய வண்டியில் முதல் செட் டயரோ, ஒருமுறை மாற்றிய டயரோ இருப்பது இயல்பு. இரண்டாவது தடவையும் மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் கேள்வி கேளுங்கள். பிரேக் டிஸ்கின் வெளி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், தூக்கலான வரப்பு மாதிரித் தட்டுப்பட்டால் டிஸ்க் நிறையத் தேய்ந்திருக்கிறது. பிரேக் பெடல் ரப்பரும், டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து மடிப்பும் பொய் சொல்லாது. ஸ்டீயரிங் லெதரை இப்போது பளபளவென்று புதுப்பித்துவிடுகிறார்கள், அதை நம்பாதீர்கள்.

சென்னையில் ஒரு ஜிஎல்ஏ ஏகப்பட்ட மலிவாக வருகிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்குமோ என்று பயம். எப்படிக் கண்டுபிடிப்பது? – வேளச்சேரி வாசகர்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப் பார்த்த ஊர்க்காரர், பயப்படுவதில் தப்பில்லை. முதலில் பேப்பரைப் பாருங்கள். கடைசி மூன்று, நான்கு வருட இன்சூரன்ஸ் பாலிசி நகல்களைக் கேளுங்கள். கிளெய்ம் வாங்காத ஒவ்வொரு வருடத்துக்கும் நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். 2023 பாலிசியில் 35% இருந்து, அடுத்த வருடம் பூஜ்ஜியம் ஆகியிருந்தால் நடுவில் ஏதோ கிளெய்ம் நடந்திருக்கிறது. என்ன கிளெய்ம் என்று ஓனர் காட்டட்டும். போனஸைப் பாதுகாக்கும் ஆட்-ஆன் எடுத்திருந்தால் இந்தக் கணக்கு பிடிபடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அப்புறம் வண்டி. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வாட்டர் வாஷ் செய்பவர் எல்லாவற்றையும் கழுவுவார், சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு முழத்தைக் கழுவ மறந்துவிடுவார். அங்கே சேற்று நிறக் கோடு தெரியும். முன் சீட்டைப் பின்னே தள்ளி ரெயிலையும் போல்ட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள், துரு இருக்கக் கூடாது. கார்ப்பெட்டைக் கதவோரத்தில் தூக்கி அடியிலுள்ள ஃபோமை அழுத்துங்கள். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் வண்டல் இருக்கிறதா பாருங்கள். காலடியில் போகும் ஒயரிங் கப்ளர் ஒன்றிரண்டைக் கழற்றச் சொல்லுங்கள். பின்களில் பச்சை பூத்திருந்தால் அது தண்ணீர் குடித்த வண்டி. இப்படிப்பட்ட வண்டி வாங்கிய புதிதில் நன்றாகத்தான் ஓடும், ஆறு மாதம் கழித்து ஏர்பேக் லைட், ஏசி, பவர் விண்டோ என்று ஒவ்வொன்றாக ஆரம்பிக்கும். நல்ல மனதுடன் யாரும் ஜிஎல்ஏவை ஏகப்பட்ட மலிவாகக் கொடுப்பதில்லை.

கையோடு பெயின்ட்டின் தடிமனை அளக்கும் பெயின்ட் கேஜும் வைத்துப் பாருங்கள். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். 250, 300 என்றால் மறுபடி அடித்தது. 500-ஐத் தாண்டினால் கீழே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) இருக்கிறது, அதற்கும் கீழே டிங்கரிங் வேலை இருக்கிறது. கதவு, பம்பர் உரசலுக்காக அடித்திருந்தால் பரவாயில்லை. தூண்களிலும் ரூஃபிலும் அந்த அளவு காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

டெல்லி வண்டி 3 லட்சம் குறைவு என்கிறார் புரோக்கர். லாபமா? – சேலம் வாசகர்

பெரும்பாலும் இல்லை. டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டு, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தக் கெடுவுக்குப் பயந்து தள்ளிவிடப்பட்ட வண்டிகள் தெற்கே வந்து குவிந்தன. விலை குறைவுக்கு அது ஒரு காரணம். ஆனால் இங்கே ஓட்ட அந்த ஊர் ஆர்டிஓ கொடுக்கும் படிவம் 28 தடையில்லாச் சான்று வேண்டும், படிவம் 27 கொடுத்துத் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும், ஆயுள் வரியும் கட்ட வேண்டும். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20%. பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும் என்றாலும், கணக்கு போடுவது வண்டியின் அசல் விலைக்கு, நீங்கள் பேரம் பேசிய விலைக்கு அல்ல. 40 லட்ச வண்டி என்பதை அங்கேதான் உணர்வீர்கள். முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் ஆர்டிஓவில் வரித்தொகையைக் கேட்டுக்கொண்டு பிறகு லாபம் பாருங்கள்.

ஓனர் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். பேர் மாற்றத்தை ஆறு மாதம் கழித்துச் செய்யலாமா? – தஞ்சாவூர் வாசகர்

கூடாது. சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே பயம் விற்பவருக்கு. உங்களுக்கு வேறு பயம்: இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பு தானாக வந்துவிடும். உங்கள் வண்டிக்கான சேதக் காப்புக்கு 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்ற வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனருடையது, அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் (வங்கிக் கடனுக்கான அடமானம்) இருந்தால் வங்கியின் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

டவுனுக்குள் தினம் 12 கி.மீ.தான். பிஎஸ்6 டீசலா, பெட்ரோலா? – திருச்சி வாசகி

பெட்ரோல். பிஎஸ்6 டீசலில் உள்ள டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். தில்லைநகருக்கும் சத்திரத்துக்கும் ஓடினால் கரி அடைத்து, எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். வாங்கப்போகும் டீசலில் ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் இதுதான் காரணம். பெட்ரோலிலும் ஒன்று: 2023-க்கு முந்தைய வண்டி இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலுக்குத் தக்கதா என்று டேங்க் மூடியின் உட்புறத்திலும் கையேட்டிலும் பாருங்கள்.

ரன்-ஃபிளாட் டயரைக் கழற்றிச் சாதா டயர் போட்டிருக்கிறார்கள். தப்பா? – நாகர்கோவில் வாசகர்

தப்பில்லை, சவாரி மென்மையாகும். ஆனால் ரன்-ஃபிளாட் என்றால் பஞ்சரானாலும் 80 கி.மீ. வேகத்தில் சுமார் 80 கி.மீ. தூரம் போய்விடலாம், இப்போது அது முடியாது. வண்டியில் ஸ்டெப்னி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் காற்று பம்பும் பஞ்சர் கிட்டும் டிக்கியில் இருக்கட்டும்.

பனோரமிக் சன்ரூஃப் வண்டி. மழைக்குப் பின் முன் சீட் காலடியில் ஈரம். வெள்ள வண்டி வாங்கி ஏமாந்துவிட்டேனா? – ஈரோடு வாசகர்

அவசரப்படாதீர்கள். சன்ரூஃபைச் சுற்றியுள்ள வாய்க்காலின் மூலைகளிலிருந்து தண்ணீர் வடிய மெல்லிய டியூப்கள் போகின்றன. வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டியில் பூவும் சருகும் அவற்றை அடைத்துவிடும். ரூஃபைத் திறந்து, முன் மூலையில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் முன் சக்கரப் பக்கமாகவோ கதவுக் கீல் பக்கமாகவோ கீழே சொட்ட வேண்டும். சொட்டாமல் தேங்கி நின்றால் அடைப்பு. நைலான் கயிறு மாதிரி வளையும் ஒன்றை விட்டு மெல்லக் குத்தி எடுக்கச் சொல்லுங்கள். கம்ப்ரெஸர் காற்றை அடிக்க விடாதீர்கள், உள்ளே டியூப் மூட்டிலிருந்து கழன்றுகொண்டால் அடுத்த மழைக்கு மொத்தத் தண்ணீரும் டேஷ்போர்டுக்குப் பின்னால்தான் இறங்கும்.