சிரித்தால் கண் சுருங்குகிறதா? ஆபரேஷனுக்கு அவசரப்படாதீர்கள்

முகவாதம் (முகத்தின் ஒரு பக்கம் செயலிழப்பது) வந்து ஒன்றரை வருடமாகியும் சிரித்தால் வலது கண் தானாகச் சுருங்குகிறது, ஆபரேஷன்தான் வழியா என்று கேட்டிருந்தீர்கள். சுருங்குகிறது என்றாலே நரம்பு செத்துவிடவில்லை, திரும்ப வளரும்போது வாய்க்குப் போக வேண்டிய இழை கண்ணுக்குப் போய்விட்டது என்று அர்த்தம் (சின்கைனீசிஸ் என்பார்கள்). முதலில் முகப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்; கண்ணாடி முன்னால், கண்ணைத் தளர்வாக வைத்து, மெதுவாகப் பாதிச் சிரிப்பு. முக்கி முக்கி இழுத்தால் பிடிப்புதான் கூடும். முகத் தசைக்கு மெஷினில் கரண்ட் வைப்பதும் வேண்டாம் என்பேன். அப்புறம் போடாக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி), கண்ணோரத்தில் கொஞ்சம், தேவைப்பட்டால் நல்ல பக்கத்திலும்; 3-4 மாதம்தான் நிற்கும், திரும்பப் போடணும். தொடைத் தசையை எடுத்து முகத்தில் வைக்கும் ஆபரேஷனெல்லாம் பெரும்பாலும் அசைவே இல்லாத முகத்துக்கு. நீங்கள் இருக்கும் கடலூரிலிருந்து புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரி எட்டாத தூரமில்லை, பிளாஸ்டிக் சர்ஜரியில் காட்டுங்கள். சிரிப்பது, கண் மூடுவது, உதட்டைக் குவிப்பது மூன்றையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.