அந்த ஒரு ராத்திரி ட்ராக்கை மட்டும் தனியாகக் கொடுக்க முடியாது

கேள்வி (பாம்பன் பக்கத்து நாட்டுப்படகு உரிமையாளர் ஒருவர் எழுதியது. நீளமான கடிதம், சுருக்கியிருக்கிறேன்):

வக்கீல் ஐயா, சித்தப்பா மகனுடைய விசைப்படகு எங்கள் நண்டு வலையை இழுத்து நாசம் பண்ணிவிட்டது. கேட்கப் போன இடத்தில் வாய்த்தகராறு. ஒரு வாரம் கழித்து ராத்திரி 11.40-க்கு ஐஸ் கொட்டகை பக்கத்தில் யாரோ அவன் கையில் வெட்டிவிட்டார்கள். அவன் என் தம்பி பேரைச் சொல்லிவிட்டான். பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, புதிய தண்டனைச் சட்டம்) 296(பி), 118(1), 351(3), அதாவது ஆபாசமாகத் திட்டியது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, கொலை மிரட்டல் என்று எஃப்ஐஆர். முன்ஜாமீன் வாங்கியாச்சு. தம்பி அந்த நேரம் எங்கள் படகில் தென்கடலில் இருந்தான். படகு ஜிபிஎஸ்ஸில் ட்ராக் (படகு போன பாதையின் பதிவு) இருக்கிறது. அவன் கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்சில் 11 மணியிலிருந்து 2 மணி வரை தூங்கியதாகக் காட்டுகிறது. வாட்ச் என் போனில் இணைத்தது, நான் அன்று கரையில் வீட்டில் இருந்தேன். கூடப் போன இரண்டு பேரும் "அந்த நேரம் மூணு பேரும் வலை இழுத்துக்கொண்டிருந்தோம்" என்று சாட்சி சொல்லத் தயார். போலீஸ் மட்டும் தம்பி போன் ஊரில் இருந்ததாக டவர் காட்டுகிறது என்கிறது. கடலுக்குப் போகும்போது அவன் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவான். ஜிபிஎஸ்ஸில் பழைய ட்ராக்கும் பாயிண்ட்டும் நிறைய கிடக்கின்றன, சில நாள் தீவுப் பக்கமும் போயிருக்கிறோம். மற்றதை அழித்துவிட்டு அந்த ஒரு ராத்திரியை மட்டும் எடுத்துத் தருகிறேன் என்று கருவி ரிப்பேர் பார்ப்பவர் வாட்ஸ்ஆப்பில் சொல்கிறார். செய்யலாமா?

பதில்:

செய்யாதீர்கள். இன்றைக்கே அந்த ரிப்பேர்காரரிடம் "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள், அதையும் வாட்ஸ்ஆப்பிலேயே எழுதுங்கள். ஏன் என்று பிறகு வருகிறேன்.

சித்தப்பா மகன் உங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தது, ஊர்க் கூட்டத்தில் அவன் பக்கம் பேசியது, போலீஸ் ஒருதலையாக நடப்பது எல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் நியாயமானது. வழக்குக்கு அதில் ஒரு வரிகூட உதவாது, சொல்லப்போனால் கெடுதல்தான். வலை போன கதையை நீங்கள் எவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குத் தம்பிக்கு வெட்டக் காரணம் இருந்தது என்று அரசு வக்கீல் எடுத்துக்கொள்வார். வலைக்கு நஷ்டஈடு தனி விஷயம், மீன்துறையில் தனியாக மனு கொடுங்கள். அப்புறம், ஸ்டேஷனில் தினமும் லைவ் லொகேஷன் போடச் சொல்கிறார்கள் என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். முன்ஜாமீன் உத்தரவில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஜாமீனில் இருப்பவரின் நடமாட்டத்தைப் போலீஸ் எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும்படி நிபந்தனை போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் சொல்லிவிட்டது. உத்தரவில் கையெழுத்து மட்டும்தான் என்றால் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வரட்டும்.

இப்போது விஷயம். இந்த வழக்கில் கேள்வி ஒன்றுதான்: 11.40-க்கு உங்கள் தம்பி அந்தப் படகில் இருந்தாரா? படகு எங்கே இருந்தது என்பது அல்ல கேள்வி. ஜிபிஎஸ் சொல்வது படகு இருந்த இடத்தை. அதில் யார் யார் இருந்தார்கள் என்று அதற்குத் தெரியாது. நான் வேறு இடத்தில் இருந்தேன் என்று சொல்கிற எதிரிதான் (குற்றம் சாட்டப்பட்டவரைத்தான் கோர்ட்டில் எதிரி என்போம்) அதை நிரூபிக்க வேண்டும், பிஎஸ்ஏ (புதிய சாட்சியச் சட்டம்) 106-இல் அப்படியே உதாரணமாகவே கொடுத்திருக்கிறார்கள். அதுவும் சும்மா நிரூபித்தால் போதாது. சம்பவ இடத்தில் இருந்திருக்கவே முடியாது என்கிற அளவுக்கு உறுதியாக இருக்க வேண்டும் என்று 1996-இல் பினய்குமார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத்தான் இன்றும் எல்லா நீதிமன்றமும் பின்பற்றுகிறது. எதிர்ப்பக்கம் வெட்டுப்பட்டவரே கூண்டில் ஏறி "இவன்தான்" என்று கைகாட்டப் போகிறார். காயம்பட்ட சாட்சிக்கு எப்போதும் கூடுதல் மதிப்பு உண்டு.

சரி, ஆளைப் படகோடு சேர்ப்பது வாட்ச்தானே என்பீர்கள். அந்த வாட்ச் உங்கள் போனில், உங்கள் கணக்கில், உங்கள் வயது எடை கொடுத்துப் பதிந்தது. நீங்களோ அன்றைக்கு வீட்டில் இருந்தீர்கள். வீட்டில் தூங்கிய அண்ணன் கையில்தான் வாட்ச் இருந்தது என்று அரசு வக்கீல் கேட்டால் என்ன பதில்? இதைவிட மோசமான ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. வாட்ச் 11 முதல் 2 வரை தூக்கம் என்கிறது. உங்கள் இரண்டு சாட்சிகளும் 11.40-க்கு மூணு பேரும் வலை இழுத்துக்கொண்டிருந்தோம் என்கிறார்கள். நண்டு வலை இழுக்கிறவன் தூங்க முடியாது. இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோனால் குறுக்கு விசாரணையில் ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடும். சாட்சிகள் மனதில் நேரம் குழம்பியிருக்கலாம், வாட்சின் தூக்கக் கணக்கும் தப்பாக இருக்கலாம், உடம்பு அசையாமல் நாடித்துடிப்பு இறங்கினால் தூக்கம் என்று போட்டுவிடும். எது உண்மையோ அது. அதற்காகச் சாட்சிகளை உட்காரவைத்து வாட்சுக்கு ஏற்ற மாதிரி நேரத்தை மாற்றிச் சொல்லப் பழக்கிவிடாதீர்கள்.

வாட்ச் தரவை நீதிமன்றம் ஏற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். முறையாக வந்தால் ஏற்கும். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் 2015-இல் ஒரு பெண் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். யாரோ புகுந்து சுட்டான் என்று கணவர் ஒரு நேரம் சொன்னார். மனைவி இடுப்பில் மாட்டியிருந்த ஃபிட்பிட் அதற்குப் பிறகும் சுமார் ஒரு மணி நேரம் அவர் நடமாடியதைக் காட்டியது. 2022-இல் கணவருக்கு 65 ஆண்டு தண்டனை. இந்தக் கருவிகளின் குணமே அதுதான், யார் கதை சொல்கிறாரோ அவருடைய கதையைத்தான் அது முதலில் சோதிக்கும். நீங்கள் வாட்சை எடுத்து மேசையில் வைத்தால் சோதனை உங்கள் பக்கத்துக்குத்தான்.

போலீஸ் காட்டும் டவரைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். ஒரு டவர் ஊரையே மூடும். போன் வீட்டில் இருந்தாலும் ஐஸ் கொட்டகையில் இருந்தாலும் அதே டவர்தான். போன் எங்கே என்பதற்கே அது சரியான பதில் இல்லை, ஆள் எங்கே என்பதற்கு எப்படி ஆகும்? ஆனால் இதே வாதம் உங்கள் ஜிபிஎஸ்ஸுக்கும் பொருந்தும் என்பதை மறக்காதீர்கள்.

இனி அழிக்கிற விஷயம். இங்கேதான் என்னிடம் வருகிற கட்சிக்காரர்கள் விழுகிறார்கள். கரையோரக் கேஸில் இப்போது ஒன்றுவிட்டு ஒன்றில் இதைப் பார்க்கிறேன்.

உங்கள் தம்பி எதிரி. தனக்கு எதிரான சாட்சியத்தைத் தானே கொடுக்க வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது, அரசியல் சட்டம் 20(3). ஆவணத்தைக் கொண்டுவா என்கிற சம்மன் எதிரிக்குப் போகாது என்று 1964-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் படகு உங்கள் பேரில், ஜிபிஎஸ் உங்களுடையது, நீங்கள் எதிரி இல்லை. நாளைக்கே பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 94-இல் உங்களுக்கு நோட்டீஸ் வரலாம், வந்தால் கொடுத்தாக வேண்டும். அப்படிக் கொடுக்கக் கடமைப்பட்ட மின்னணுப் பதிவை, நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்ற எண்ணத்தில் அழித்தால் பிஎன்எஸ் 241, மூன்று வருஷம் வரை. தம்பியைக் காப்பாற்றப் போய் அண்ணன் தனி வழக்கில் எதிரி ஆவார். அழித்துவிட்டு மிச்சத்தை "இதுதான் முழுப் பதிவு" என்று தாக்கல் செய்தால் அது பொய்ச் சாட்சியம் புனைவது, 229, ஏழு வருஷம் வரை. தம்பி மேல் இருக்கும் 118(1)-க்கே அதிகபட்சம் மூன்று வருஷம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாட்டாது என்று நினைக்காதீர்கள். ஜிபிஎஸ் தரவைச் சாட்சியமாக வைக்க பிஎஸ்ஏ 63(4) சான்றிதழ் வேண்டும். இரண்டு பகுதி. முதல் பகுதியில் கருவி யார் பொறுப்பில் இருந்ததோ அவர், அதாவது நீங்கள், கருவி ஒழுங்காக வேலை செய்தது, பதிவு இன்னது, அதன் ஹாஷ் மதிப்பு (பதிவில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடுகிற அடையாளக் குறி) இன்னது என்று கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது பகுதி நிபுணர். சான்றிதழ் கட்டாயம் என்பதை 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் உறுதி செய்துவிட்டார்கள். அசல் கருவியையே உரிமையாளர் கூண்டில் ஏறி ஒப்படைத்தால் சான்றிதழ் தேவையில்லை என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. உங்களுக்கு அது ஒத்துவராது, ஏனென்றால் அசல் கருவி என்றால் அதற்குள் இருக்கும் எல்லாமும்தான். ஆய்வகத்தில் மாதக்கணக்கான ட்ராக் நடுவே ஒரே ஒரு ராத்திரி மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்தால் நிபுணர் முதலில் எழுதுவதே அதைத்தான். எதிர்த்தரப்பு அந்த ரிப்பேர்காரரைச் சாட்சியாகக் கூப்பிடும். அவர் போனில் உங்கள் வாட்ஸ்ஆப் இருக்கிறது. உங்களுக்காக அவர் ஜெயிலுக்குப் போக மாட்டார்.

அழிக்காமல் முழுசாகக் கொடுத்தால்? அதுவும் யோசித்துத்தான். "சில நாள் தீவுப் பக்கமும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவும் 1986-லிருந்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. மனோலி பக்கமோ முயல்தீவு பக்கமோ ராத்திரி நேரத்தில் நின்ற ட்ராக்கும், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போட்ட பாயிண்ட்டும் வனத்துறை கைக்குப் போனால் அவர்கள் முதலில் கேட்பது கடல் அட்டை. கடல் அட்டை 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, குற்றம் நிரூபணமானால் குறைந்தபட்சமே மூன்று வருஷம், ஏழு வரை போகும், சமாதானம் பேசி முடிக்கிற கேஸும் அல்ல. நீங்கள் அந்தத் தொழில் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. நண்டு வலைக்குப் போனேன் என்பது உண்மையாகவே இருக்கலாம். அதை விளக்க வேண்டிய நிலைமைக்கு, நீங்களே கொண்டுபோய்க் கொடுத்த கருவியால் வந்து நிற்பீர்கள். வாய்த்தகராறில் தன்னைத் தப்புவிக்க ஒரு வீடியோவைக் காட்டப் போய்ப் போனை ஒப்படைத்த ஒருவரை எனக்குத் தெரியும். வீடியோ அவரைக் காப்பாற்றியது. அதே போனில் கிடந்த வேறு படங்களுக்காக அவர் இன்னும் வேறொரு நீதிமன்றத்துக்கு வாய்தா வாய்தாவாக அலைந்துகொண்டிருக்கிறார். கருவி துண்டு துண்டாகப் பேசாது.

பழைய ட்ராக்கில் என்ன இருக்கிறது என்பதை எனக்கு எழுதாதீர்கள். ரிப்பேர்காரருக்கும், சங்கத்துக்காரர்களுக்கும் சொல்லாதீர்கள். உங்கள் வக்கீலிடம் நேரில், வாயால் சொல்லுங்கள். வக்கீலிடம் சொன்னதை உங்கள் அனுமதி இல்லாமல் அவர் வெளியே சொல்லக் கூடாது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதைக் கேட்ட பிறகு ஜிபிஎஸ்ஸைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். அதுவரை கருவியைப் படகில் விட்டுவைக்காதீர்கள், தினமும் ஓடினால் பழைய ட்ராக் மேல் புது ட்ராக் ஏறிவிடும், அப்புறம் அழித்தது நீங்கள்தான் என்பார்கள். கழற்றி, எதையும் அமுக்காமல், அப்படியே வையுங்கள். கடலுக்கு வேறு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். வாட்ச் ஆப்பையும் நீக்க வேண்டாம், போனை ரீசெட் பண்ண வேண்டாம்.

பயன்படுத்துவது என்று முடிவானால் ஒரு சின்ன விஷயம், இதில் ஏமாந்தவர்கள் நிறைய. ஜிபிஎஸ் கருவியிலிருந்து கோப்பாக எடுக்கும்போது நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் வரும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி குறைவு. ராத்திரி 11.40 என்பது தாளில் 18:10 என்று இருக்கும். அதைச் சாயங்காலம் ஆறு பத்து என்று படித்துவிட்டு, "சம்பவ நேரத்துக்குப் பதிவே இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஐஸ் கொட்டகையில் கேமரா இருந்தால் அதன் கடிகாரத்தையும் பாருங்கள். கரண்ட் போய் வந்த டிவிஆரில் (கேமராப் படத்தைப் பதிகிற பெட்டி) நேரம் தப்பாக ஓடுவது சாதாரணம். அந்த கேமரா பதிவை எடுத்துவைக்கச் சொல்லி இன்னும் மனு போடவில்லை என்றால் இன்றே போடுங்கள், ஹார்ட்டிஸ்க் நிறைந்தால் தானாகப் பழையது போய்விடும். உங்கள் ஜிபிஎஸ், வாட்ச் இரண்டையும்விட அந்த ஒரு கேமராதான் தம்பிக்கு உண்மையான துணை. வெட்டியவன் முகம் அதில் இருந்தால் வழக்கே அங்கே முடிந்துவிடும். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

கேமரா இல்லை, அல்லது அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால், என் யோசனை: ராஜி ஆகிவிடுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. உங்கள் கையில் இருக்கும் சாட்சியம் ஒன்றை ஒன்று இடிக்கிறது, இன்னொரு வழக்குக்குக் கதவு திறக்கிறது, எதிர்ப்பக்கம் காயம்பட்டவரே சாட்சி. காயம் கையில், தையலோடு போயிற்று. கொடுங்காயம் என்று டாக்டர் எழுதியிருந்தால் பிரிவு மாறும், காயச் சான்றைப் பாருங்கள். வலை நஷ்டம் உங்களுக்கு, மருத்துவச் செலவு அவருக்கு. இரண்டையும் எதிரெதிரே வைத்து ஜமாத் பெரியவரோ பங்குத்தந்தையோ ஊர்த் தலைவரோ, இரண்டு பக்கமும் மதிக்கிற ஒருவரை உட்காரவைத்துப் பேசினால் தீராத தொகை இல்லை. கவுண்டர் கேஸ் போட்டு மிரட்டிவிட்டு அப்புறம் பேசலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். போட்ட பிறகு விலை ஏறும்.

118(1) ராஜியாகக்கூடிய பிரிவுகளின் பட்டியலில் இல்லை, அதனால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எழுதிக்கொடுத்து முடியாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பிஎன்எஸ்எஸ் 528-இல் ரத்து மனு போட வேண்டும், தனிப்பட்ட தகராறில் சமாதானம் ஆனால் ரத்து செய்யலாம் என்று 2012-இல் கியான் சிங் வழக்கில் வழி இருக்கிறது. சமாதானப் பத்திரத்தில் காயம்பட்டவரே கையெழுத்துப் போட வேண்டும், அவருக்காக உங்கள் சித்தப்பா போட்டால் செல்லாது. விசாரணை அன்று அவர் ஆதாரோடு நேரில் மதுரைக்கு வரத் தயாரா என்பதைப் பணம் கை மாறும் முன்பே கேட்டுவிடுங்கள்.