அலமாரிக்குள் வைக்க எந்த ஸ்பீக்கர்?

10க்கு 12 அடி அறை, ஆம்ப்ளிஃபயர் (ஒலியைப் பெருக்கும் கருவி, சுருக்கமாக ஆம்ப்) கிடையாது, சுவரை ஒட்டிய அலமாரியில்தான் வைக்க முடியும் என்கிறீர்கள். அப்படியானால் ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஜோடியே சரி. உள்ளே ஆம்ப் இல்லாத பாசிவ் வாங்கினால் பாதிப் பணம் ஆம்புக்குப் போய்விடும்.

பாஸ் (தாழ்ந்த ஒலி) வெளிவரும் துளை எந்தப் பக்கம் என்று அவசியம் பாருங்கள். பின்பக்கத் துளை சுவரை ஒட்டினால் பாஸ் வீங்கி, குரலை அமுக்கிவிடும். எடிஃபையர் ஆர்1280டி என்ற ஆக்டிவ் ஜோடியில் துளை முன்பக்கம். பாஸ் தரும் வூஃபர் 4 அங்குலம், மொத்தம் 42 வாட். உங்கள் அறைக்குத் தாராளம். ப்ளூடூத் மட்டும் கிடையாது.

உச்ச ஒலி தரும் ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். ஸ்பீக்கரை அலமாரியின் முன் விளிம்பு வரை இழுத்து வையுங்கள். இரண்டுக்கும் நடுவே 4 அடியாவது விடுங்கள். அப்புறம் பழகிய பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள், குரல் நட்டநடுவில் நிற்கும்.