கைக்குழந்தையோடு ஊர் சுற்றலாமா?

கேள்வி: மாதம் ஒரு ஊர் பார்த்தவள் நான். குழந்தைக்கு இப்போது நாலு மாதம். பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களான கானாடுகாத்தான், ஆத்தங்குடி வரையாவது போய்வரலாமா? "குழந்தைக்குத் தண்ணி எடுத்துக்க" என்கிறார் மாமியார்.
- வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாக. 14ஆவது வாரத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று மட்டும் பாருங்கள். காலை 7 மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், 6 மாதம்வரை தாய்ப்பால் போதும், வெக்கையில் அடிக்கடி கொடுங்கள். பீய்ச்சிய பால் 25 டிகிரியில் 4 மணி நேரம்தான் தாங்கும், நம்மூர் வெயிலில் அதுவும் கிடையாது. ஐஸ் பேக் வைத்த பெட்டி அவசியம். அங்குள்ள வளவு வீட்டு (முற்றம் வைத்த பெரிய செட்டிநாட்டு வீடு) படிகளில் தள்ளுவண்டி வெறும் சுமை! குழந்தையை நெஞ்சோடு சுமக்கும் பேபி கேரியர் கட்டுங்கள். குழந்தையின் மோவாய் நெஞ்சில் மடங்கினால் மூச்சுத் திணறும். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், முகத்தைத் துணியால் மூடாதீர்கள்.