ஏழு நாள் முகாமும் ஊரின் கணக்கும்

மதிப்பிற்குரிய ஐயா,

தென்மாவட்டம் ஒன்றில், அரசு உதவிபெறும் கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகப் பணிபுரிகிறேன். மூன்றாண்டுகளாக நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. கல்லூரியிலிருந்து 14 கிலோமீட்டர் தொலைவில் நாங்கள் தத்தெடுத்துள்ள கிராமத்தில் சென்ற மாதம் ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்தினோம். ஐம்பது மாணவ மாணவியர் கலந்துகொண்டார்கள். கோயில் வளாகத்தைத் துப்புரவு செய்தோம், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தோம், கண் பரிசோதனை முகாம் வைத்தோம், விழிப்புணர்வுப் பேரணி போனோம். ஐந்தாம் நாள் மரக்கன்று நட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "போன வருசம் வச்ச குழியிலயே வைங்க தம்பி, தோண்டுற வேலையாச்சும் மிச்சம்" என்றார். மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

இந்த முகாம்களால் ஊருக்கு உண்மையில் ஏதேனும் விளைகிறதா? அல்லது மாணவர்களுக்குச் சான்றிதழும் எங்களுக்கு அறிக்கையும் மட்டும்தானா? எங்கள் துறைத் தலைவர், எல்லா மாணவருக்கும் ஓராண்டு சேவையைக் கட்டாயமாக்கினால்தான் பலன் தெரியும் என்கிறார். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுள்ள வாசகர்)

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பாட்டி உங்களைக் கேலி செய்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. போன ஆண்டு நட்ட கன்றுகள் எந்த மாதத்தில் பட்டன, எத்தனையை ஆடு கடித்தது, எத்தனை தண்ணீரில்லாமல் காய்ந்தது என்ற கணக்கு அவரிடம் இருக்கிறது. கடித்த ஆடுகளில் சில அவருடையவையாகவே இருக்கலாம். உங்கள் முகாம் அறிக்கையில் நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருக்கும், பிழைத்தவற்றின் எண்ணிக்கைக்கு இருக்காது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். எண்பதுகளின் பிற்பகுதியில் நானும் அந்தச் சக்கரம் பொறித்த வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு, இன்றைய சிவகங்கை மாவட்டத்தின் ஒரு கண்மாய்க்கரை ஊருக்குப் போனவன்தான். சீமைக் கருவேலத்தை அகற்றுவது எங்களுக்கு இடப்பட்ட பணி. நான்கு நாட்கள், உள்ளங்கை கொப்புளித்து உடைகிற அளவுக்கு, கண்மாய்க்குள் அரிவாளும் கோடாரியுமாக வெட்டிச் சாய்த்தோம். ஊர்ப் பெரியவர்கள் கரைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வப்போது மோர் கொடுத்தனுப்பினார்கள். சீமைக் கருவேலத்தைத் தூரோடு பறிக்காமல் தரைமட்டத்தில் வெட்டிவிட்டால், ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுத் தளிர் கிளம்பி முன்பைவிட அடர்ந்துவிடும் என்பது எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். மேலும் அந்த மரங்கள் கரிமூட்டம் போடுபவர்களுக்கு ஏலம் விடப்பட வேண்டியவை என்பதும், ஏலப் பணத்தில்தான் ஊர்ப் பொதுச்செலவு நடக்கிறது என்பதும் பிறகுதான் தெரியவந்தது. ஏன் சொல்லவில்லை என்று கடைசி நாளில் ஒருவரிடம் கேட்டபோது, "பிள்ளைக ஆசையா வந்திருக்கு, எப்படி வேணாம்னு சொல்றது" என்றார். அந்த ஆண்டு ஊருக்கு எங்களால் நேர்ந்தது நட்டம், அதை அவர்கள் விருந்தோம்பல் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். 'தத்தெடுத்த கிராமம்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மோர்தான் நினைவுக்கு வருகிறது. அந்த ஏழு நாளும் இடமும் தண்ணீரும் கொடுத்துப் பராமரித்தவர்கள் அவர்கள்தாம்.

ஆனால் அதே முகாமில் வேறொன்றும் நடந்தது. மூன்றாம் நாள் இரவு, நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துத் திண்ணைக்கு ஒரு மூதாட்டி வந்து, யாராவது ஒரு மனு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். முதியோர் உதவித்தொகைக்கான மனு. தமிழ்நாட்டில் 1962 முதல் நடைமுறையில் இருக்கும் திட்டம் அது. கால் நூற்றாண்டு கடந்த பிறகும், எந்த ஆதரவுமற்ற அந்த அம்மாளிடம் அது வந்து சேர்ந்திருக்கவில்லை. வயது என்ன என்று கேட்டோம். "அதெல்லாம் யாரு கண்டா. யுத்த காலத்துல கேப்பைக் கஞ்சிக்கும் வழியில்லாம கெடந்தப்ப எனக்கு மூணு பிள்ளைக" என்றார். நாங்கள் நான்கு பேர் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, யுத்தம் எந்த ஆண்டு, மூன்றாவது பிள்ளைக்குள் அவருக்கு எத்தனை வயதாகியிருக்கும் என்று கணக்குப் போட்டு எழுபது என்று முடிவு செய்தோம். கிராம நிர்வாக அலுவலரிடம் எந்தச் சான்று வாங்க வேண்டும், வயதுக்கு அரசு மருத்துவரிடம் எப்போது போக வேண்டும் என்று விசாரித்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். மறுநாள் இரவு திண்ணையில் பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

உங்கள் கேள்விக்கு என்னிடமுள்ள விடை இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையில்தான் இருக்கிறது. அந்த ஊரில் கோடாரி பிடிக்கக் கை இல்லாமலா இருந்தது? எங்களில் எவனையும்விட அங்கிருந்த பன்னிரண்டு வயதுப் பையன் நன்றாக வெட்டுவான். ஊரிடம் ஏற்கெனவே நிறைய இருந்த ஒன்றை, அதுவும் அரைகுறையாக, நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஊரிடம் இல்லாததும் எங்களிடம் இருந்ததுமான ஒன்றை, அதாவது படிவத்தைப் படிக்கவும் அலுவலகத்தில் போய்ப் பேசவும் மனு எங்கே தேங்கி நிற்கிறது என்று கேட்கவும் தெரிந்த ஓர் ஆளை, யாரும் கேட்காதவரையில் கொடுக்கவே நினைக்கவில்லை. உடலுழைப்பைப் படித்தவர்கள் அறிய வேண்டும் என்ற காந்திய நோக்கம் நாட்டு நலப்பணித் திட்டத்தின் பிறப்பிலேயே உண்டு. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் இதைத் தொடங்கிவைத்தார். அந்த நோக்கம் மாணவனுக்கு நல்லது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மண்வெட்டியால் கிடைக்கும் பயன் பெரும்பாலும் மாணவனுக்கே என்பதை மட்டும் நாம் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். ஒப்புக்கொண்டால் ஊருக்கு எது பயன் என்பதைத் தனியாக யோசிக்கத் தொடங்குவோம்.

அந்தப் பதினோரு மனுக்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். எழுதிக் கொடுத்துவிட்டு நாங்கள் லாரியில் ஏறிக் கல்லூரிக்குத் திரும்பிவிட்டோம். எங்களில் ஒருவன் மட்டும், அந்த வழியாகச் செல்லும் பேருந்தில் தினமும் வந்துபோகிறவன் என்பதால், சில மாதங்கள் கழித்து இறங்கி விசாரித்திருக்கிறான். இரண்டு பேருக்கு ஆணை வந்திருந்தது. நான்கு பேரின் மனுக்கள், இணைப்பு ஒன்று குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு, வந்த உறையோடு கூரை எரவானத்தில் செருகப்பட்டிருந்தன, ஏனெனில் அந்த உறையைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. மற்றவை பற்றித் தகவல் இல்லை. அவன் அந்த நான்கையும் சரிசெய்து கொடுத்தான். எந்த அறிக்கையிலும் இடம்பெறாத அந்த ஒரு மாலைதான் எங்கள் முகாமின் உருப்படியான பணி என்று இன்றும் நினைக்கிறேன்.

புதுக்கோட்டையில் வளர்ந்தோருக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கம் நடந்த முறையை இதோடு வைத்துப் பாருங்கள். 1991இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் வேகம் பிடித்த அந்த இயக்கத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் வெளியிலிருந்து லாரியில் வந்தவர்கள் அல்லர். பெரும்பாலும் அந்தந்தத் தெருவின் பிள்ளைகள், பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த பெண்கள், ஊதியம் எதுவும் பெறாதவர்கள். இரவில் பாடம் நடத்திய பெண் மறுநாள் காலையில் அதே குழாயடியில் குடத்தோடு வரிசையில் நிற்பாள். "நேத்துச் சொன்னது மறந்துபோச்சு" என்றால் அங்கேயே மண்ணில் எழுதிக் காட்டுவாள். அந்த இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பெண்களுக்கான சைக்கிள்கள் போதாமல், குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பதால் பலர் அதையே விரும்பவும் செய்தார்கள். கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் பேருந்துக்குக் காத்திராமல், அண்ணனையோ கணவனையோ எதிர்பார்க்காமல், சந்தைக்கும் வேலைக்கும் போய்வந்தார்கள். அன்று கற்ற எழுத்தைப் பிறகு மறந்துவிட்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன். சைக்கிளை மறந்த ஒருவரையும் சந்தித்ததில்லை. பெருந்தொற்றுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யிலும் இதே கூறு இருந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை ஒரு தொகையே அல்ல என்ற குறை நியாயமானது. ஆனாலும் மாலையில் வந்து உட்காரும் பிள்ளைகளின் வீட்டு நிலவரம் அந்தத் தன்னார்வலர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏன் இன்று வரவில்லை என்று எதிர்வீட்டில் போய்க் கேட்கிற தூரம்தான்.

உங்கள் மாணவர்கள் உள்ளூர்க்காரர்கள் ஆக முடியாது. திரும்பி வருகிறவர்கள் ஆக முடியும். திட்ட விதிப்படி ஒரு தன்னார்வலர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஓர் அலகில் நூறு பேர் என்றால் ஆண்டுக்கு 12,000 மணி நேரம். அது எங்கே செலவாகிறது என்று நாம் இருவருமே அறிவோம்: கல்லூரி விழாவில் வரிசையை ஒழுங்குபடுத்துவது, பிரமுகர் வரும் நாளில் வளாகத்தில் குப்பை பொறுக்குவது, தினங்கள் தோறும் உறுதிமொழி எடுப்பது. (எத்தனை தினங்கள், எத்தனை உறுதிமொழிகள்! எடுத்த உறுதிகளில் பாதியை நிறைவேற்றியிருந்தால் நாடு வேறு மாதிரி இருந்திருக்கும்.) அந்த மணிகளில் நான்கில் ஒரு பங்கை அந்த ஒரே ஊருக்கு மாற்றுங்கள். வாரம் ஒரு சனிக்கிழமை நான்கு மாணவர்கள் ஒரு குறிப்பேட்டோடு போய் அதே இடத்தில் அதே நேரத்தில் உட்காரட்டும். வருகிற மனுவை எழுதட்டும், போன மனுவைப் பின்தொடரட்டும். இப்போது பாதி விண்ணப்பங்கள் கைபேசியிலேயே முடிகின்றன. ஆகவே ஊரார் படுகிற சிரமம் கூடியிருக்கிறது, உங்கள் மாணவர்களின் சிரமம் குறைந்திருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கோயில் வளாகத்தைத் துப்புரவு செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். காலனிப் பக்கம் போனீர்களா? முகாமுக்கு இடமும் பாத்திரமும் தருபவர்கள் ஊருக்குள் செல்வாக்கு உள்ளவர்கள் என்பதால், பணியும் தானாகவே அவர்கள் கண்ணில் படுகிற தெருக்களில் அமைந்துவிடுகிறது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. என் முகாமில் அந்த மூதாட்டி இரவில் வந்ததற்கும், பகலில் நாங்கள் வெட்டிக்கொண்டிருந்த கண்மாய்க்கரைக்கு வராததற்கும் காரணம் இருந்தது. கரைமேல் உட்கார்ந்திருந்தவர்களின் தெருவைச் சேர்ந்தவர் அல்லர் அவர். எங்கள் ஆசிரியர் அதைப் புரிந்துகொண்டு, ஐந்தாம் நாள் இரவிலிருந்து மனு எழுதும் இடத்தைத் திண்ணையிலிருந்து காலனி முனைத் தெருவிளக்கின் கீழ் மாற்றினார். ஊருக்குள் முணுமுணுப்பு எழுந்தது. கடைசி நாள் விருந்துக்கு வருவதாக இருந்த இரண்டு பெரியவர்கள் வரவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

கட்டாயமாக்குவது குறித்து உங்கள் துறைத் தலைவர் சொல்வது புதிய யோசனை அல்ல. 1959இல் முன்னாள் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு, உயர்நிலைப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர விரும்புவோருக்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாய சேவை வேண்டும் என்று பரிந்துரைத்தது. செலவையும் நடைமுறைச் சிக்கலையும் பார்த்து அது கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு பல நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கல்வியாளர் கே.ஜி. சையதைன், இயன்றவரை விருப்பத்தின்பேரில் இருக்கட்டும் என்றார். நம் பக்கத்துக்கு இதில் இன்னும் பழைய அனுபவம் உண்டு. ஏரி, கால்வாய்களை ஊரே கூடிப் பேணிய குடிமராமத்து தளர்ந்துபோனபோது, 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். வழக்கமாகச் செய்த வேலையைச் சட்டத்தால் செய்விக்க முயன்றும் குடிமராமத்து மீளவில்லை. அதற்கும் முன்னால், வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டபோது, ஆளில்லாத வந்திக்கிழவிக்காகப் பிட்டு வாங்கித் தின்றுவிட்டு வந்த கூலியாள், மண்ணை அள்ளாமல் ஆடிப் பாடிப் படுத்துறங்கிப் பிரம்படி வாங்கிய கதையை மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இறைவனே ஆனாலும் ஆள்கணக்குக்கு வந்த வேலையில் அவ்வளவுதான் நடக்கும் என்று அந்தக் கதையை நான் வேடிக்கையாகப் படித்துக்கொள்வதுண்டு. அன்றாவது அடைபடுகிற கரை ஊராருடையது. விருப்பமில்லாத ஆயிரம் மாணவர்களை ஓராண்டு ஒரு வட்டாரத்தில் இறக்கினால் அவர்களைப் பராமரிக்கும் சுமையும் ஊரின் தலையில்தான் விழும்.

அடுத்த முகாமின் முதல் நாளை வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், கேட்பதற்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள். ஆடு மேய்க்கும் அந்தப் பாட்டியிடமிருந்தே தொடங்கலாம். எந்த இடத்தில் வைத்தால் கன்று பிழைக்கும், சித்திரையில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள், வேலிக்கு முள் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். நடாதே என்று அவர் சொன்னாலும் குறித்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை அவருக்கு வருகிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஊர் 14 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை மாலை அங்கிருந்து திரும்பக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை விசாரித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.