ராஜாவை விட்டுட்டு வக்கீலைப் பிடிச்சவர்

கேள்வி: 19-ம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் ஒனோரே தோமியேவோட கேலிப்படங்கள்ல வக்கீல், வீட்டு ஓனர், புருஷன் பொண்டாட்டி சண்டைன்னே நிறைய இருக்கே, அரசியல் பக்கமே போகமாட்டாரா?

பதில்: போனாரே, போய்த்தானே ஜெயில்ல உக்காந்தார்! 1831ல லூயி பிலிப் ராஜாவை ஜனங்க காசை முழுங்குற ராட்சசனா வரைஞ்சார், 1832ல உள்ள தள்ளிட்டாங்க. 1835ல சென்சார் சட்டம் வந்து அரசியல் கார்ட்டூனுக்கே பூட்டு போட்டதும் மனுஷன் 'ல ஷாரிவாரி' பத்திரிகைல ஊர் ஜனங்க பக்கம் திரும்பிட்டார், டுபாக்கூர் கம்பெனி ஷேர் விக்கிற ரொபேர் மக்கேர்ங்கிற கற்பனை மோசடிக்காரன், கோர்ட்ல டிராமா போடுற வக்கீல்னு ஒருத்தரையும் விடல (மக்கேர் படங்களுக்கு அடில வர்ற டயலாக் எடிட்டர் ஃபிலிப்போன் எழுதினது). அவர் படம் போட்டது லித்தோகிராஃபிங்கிற கல்லச்சு முறைல: சுண்ணாம்புக்கல்லுல கொழுப்பு கலந்த கிரேயானால நேரா வரைஞ்சு, தண்ணி நனைச்சு மை உருட்டினா கோட்டுல மட்டும் மை ஒட்டும், அப்படியே பேப்பர்ல அழுத்தி எடுக்கலாம், செதுக்குற ஆளே வேணாம், அதனாலதான் சுமார் 4000 படம் போட முடிஞ்சுது. என்ன, 1844ல எழுதுற பொம்பளைங்களைக் கிண்டலடிச்சு ஒரு சீரிஸ் போட்டார், அது மட்டும் எனக்குச் சுத்தமா பிடிக்கல.